ராஃப்ட் உள்ள 84 டிகிரி போயிடுச்சு, கியூப் பாஸ். பின்னாடி உள்ளேர்ந்து வீங்குமா?

சைட்மணி | செவ்வாய் இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். அடுக்குமாடி சைட் ஒண்ணுல இன்ஜினியரா இருக்கேன், கம்பெனி பேர் ஊர் பேர் எல்லாம் வேண்டாம். போன மே மாசம் ராஃப்ட், அதாவது கட்டடத்தையே தாங்குற தடியான அடித்தளம், போட்டோம், 2.5 மீட்டர் தடிமன், எம்50 (பலம் 50 மெகாபாஸ்கல்) கான்கிரீட், சாயங்காலம் ஏழு மணிக்கு ஆரம்பிச்சு மறுநாள் மத்தியானம் வரைக்கும் வண்டி வந்துகிட்டே இருந்துச்சு. மிக்ஸ்ல 430 கிலோ சிமென்ட், முழுக்க 53 கிரேடு ஓபிசி, அதாவது எதுவும் கலக்காத சாதா சிமென்ட், ஃபிளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) போட்டா ஸ்ட்ரெங்த் லேட்டாகும்னு மேல இருந்து வேண்டாம்னுட்டாங்க. ஐஸ் போட்டது முதல் நாலஞ்சு வண்டிக்குத்தான், மத்ததெல்லாம் 34, 35 டிகிரில இறங்குச்சு. ரெண்டாம் நாள் ராத்திரி சூடு அளக்க நடுவுல வச்ச தெர்மோகப்பிள் 84 டிகிரி காட்டுச்சு. நானே டார்ச் அடிச்சுப் பாத்து நோட்ல எழுதினேன், சந்தேகம் வந்து பக்கத்து வயரையும் மாட்டிப் பாத்தேன், அதுலயும் 83.

அதே கான்கிரீட்ல ஊத்தின சோதனைக் கட்டை, கியூப், 28 நாள்ல நசுக்கிப் பாத்ததுல சராசரி 61 வந்துச்சு. மேல கிராக் எதுவும் கண்ணுக்குத் தெரியல. கன்சல்டன்ட் ஆபீஸ்ல கேட்டா கியூப் பாஸ், விஷயம் முடிஞ்சுதுன்னு சொல்றாங்க. ஆனா ராஃப்ட் 9 மீட்டர் ஆழத்துல இருக்கு, நிலத்தடி நீர் 4 மீட்டர்லயே வந்துடும். இப்ப தண்ணியை இறைக்கிற டீவாட்டரிங் பம்ப் ஓடுது, அதை நிறுத்தினதும் ஆயுசுக்கும் தண்ணிக்குள்ளதான் கிடக்கப் போகுது. 70 டிகிரிக்கு மேல போன கான்கிரீட் சில வருஷம் கழிச்சு உள்ளுக்குள்ளேர்ந்து வீங்கும்னு படிச்சதுலேர்ந்து தூக்கமே சரியா வரல. இதுல அனுபவம் உள்ளவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

பில்டர்_கோவை | செவ்வாய் இரவு 10:15

தம்பி, 25 வருஷமா ராஃப்ட் போட்டுட்டு இருக்கேனுங்க. அந்தக் காலத்துல தெர்மோகப்பிளெல்லாம் யாரு வச்சா, சாக்கு போட்டுத் தண்ணி கட்டுவோம், அவ்வளவுதான். அதெல்லாம் உள்ள எத்தனை டிகிரி போச்சுன்னு ஆருக்குங்க தெரியும், எல்லாக் கட்டடமும் இன்னைக்கும் நிக்குதுங்க. கியூப் 61 வந்திருக்கு, எம்50க்கு அதுக்கு மேல என்ன வேணும்? எதையாவது படிச்சுட்டு மனசைக் குழப்பிக்காதீங்க, வேலையைப் பாருங்க.

நுண்ணோக்கி | புதன் காலை 6:50

மணி, நான் ஒரு லேப்ல கான்கிரீட்டையும் கல்லையும் மெல்லிசா தேய்ச்சு மைக்ராஸ்கோப்ல பாக்குற வேலை செய்யறேன், பதினோரு வருஷமா. நீங்க பயப்படறதுல நியாயம் இருக்கு. முதல்ல கியூப் விஷயத்தைப் பேசிடலாம், எல்லாரும் ஏமாந்து போற இடம் அதுதான்.

உங்க கியூப் எங்க இருந்துச்சு? தொட்டில, 27 டிகிரி தண்ணில. அது 84ஐப் பாக்கவே இல்ல. ஒரே வண்டிலேர்ந்து எடுத்த கான்கிரீட்தான், ஆனா முதல் ரெண்டு நாள்லயே ரெண்டும் வேற வேற பொருளா ஆயிடுச்சு. ராஃப்ட் நடுவுல நடந்ததைப் பத்தி கியூப் ஒரு வார்த்தை கூடச் சொல்லாது. கலவை சரியா வந்துச்சான்னு சொல்லும், அதுக்காகத்தான் அந்த டெஸ்ட்டே.

இப்ப உள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன். சிமென்ட் தண்ணியோட சேந்த கொஞ்ச நேரத்துலயே எட்ரின்ஜைட்னு ஊசி ஊசியா ஒரு படிகம் உருவாகும். சாதாரணமா அது நல்லதுதான், கான்கிரீட் இளசா இருக்கும்போதே உருவாகிடறதால எதையும் உடைக்காது. ஆனா 70 டிகிரி கிட்டத் தாண்டிட்டா அந்தப் படிகம் நிலைச்சு நிக்காது. அதுக்குள்ள இருக்க வேண்டிய சல்ஃபேட்டும் அலுமினாவும் சிமென்ட் பசைக்குள்ள போய் ஒட்டிக்கிட்டு உக்காந்துடும். கான்கிரீட் ஆறி இறுகிப் போச்சு, எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டுப் போயாச்சு. அப்புறம் மாசக்கணக்கா, வருஷக்கணக்கா தண்ணி பட்டுகிட்டே இருந்தா அந்த சல்ஃபேட் மெல்ல வெளிய வந்து, கல்லா இறுகின பசைக்குள்ள திரும்ப எட்ரின்ஜைட்டா ஆகும். இப்ப விரிய இடம் இல்ல, அதனால பசையே மொத்தமா உப்பும்.

மைக்ராஸ்கோப்ல பாத்தா மறக்க முடியாது. பசை உப்பினா ஜல்லி கூட உப்புமா? ஜல்லி அப்படியேதான் இருக்கும். அதனால ஒவ்வொரு கல்லைச் சுத்தியும் நிலாவைச் சுத்தி வட்டம் கட்டின மாதிரி ஒரு இடைவெளி தெரியும். பெரிய கல்லுக்குப் பெரிய இடைவெளி, சின்ன கல்லுக்குச் சின்னது, கல்லோட சைஸுக்கு ஏத்த மாதிரி. அந்த இடைவெளில அப்புறமா வெள்ளையா எட்ரின்ஜைட் நிரம்பியிருக்கும். அதாவது அந்தக் கான்கிரீட்ல ஜல்லிக்கும் பசைக்கும் பிடிப்பே இல்ல.

பில்டர் அண்ணே, உங்க பழைய கட்டடங்கள்ல சிமென்ட் கம்மி, 33 கிரேடு, 43 கிரேடு, அரைப்பும் இவ்வளவு நைஸ் கிடையாது. இப்போ மாதிரி ரெண்டே நாள்ல மொத்தச் சூட்டையும் கக்காது. அந்த அனுபவத்தை வச்சு இன்னைக்கு 430 கிலோ 53 கிரேடை எடை போட முடியாதுண்ணே.

சைட்மணி | புதன் காலை 8:05

அக்கா ரொம்ப நன்றி. கியூப் தொட்டில 27 டிகிரில இருந்துச்சுங்கிற விஷயம் இத்தனை நாள் எனக்குத் தோணவே இல்ல. அப்ப இந்த ராஃப்ட் வீங்கியே தீருமா?

நுண்ணோக்கி | புதன் மதியம் 1:20

இல்ல, அப்படிச் சொல்ல மாட்டேன். 70ஐத் தாண்டின எல்லாக் கான்கிரீட்டும் வீங்காது. சூடு வேணும், சிமென்ட்ல சல்ஃபேட்டும் சி3ஏங்கிற அலுமினாச் சேர்மமும் போதுமான அளவு இருக்கணும், கார (அல்கலி) அளவும் கணக்குல வரும், அப்புறம் தண்ணி வேணும். இதுல ஒண்ணு இல்லன்னாலும் நடக்காது. உங்க கேஸ்ல சூடும் தண்ணியும் நிச்சயமா இருக்கு, சிமென்டைப் பத்தித்தான் தெரியல.

பிரான்ஸ்லதான் இதை ரொம்ப சீரியஸா எடுத்து விதி எழுதினாங்க. அதுவரைக்கும் நீராவில வேகவச்ச ப்ரீகாஸ்ட் சாமான், ரயில்வே ஸ்லீப்பர் இதுங்களுக்குத்தான் இந்த நோய் வரும்னு எல்லாரும் நினைச்சுகிட்டு இருந்தாங்க. பிரான்ஸ்ல சில பாலங்கள்ல தூணுக்கு மேல இருக்கிற பையர் கேப், அடுப்பு நீராவி எதுவும் இல்லாம சைட்லயே ஊத்தினது, விரிசல் விட்டுது. தடிமனா இருந்ததால தன்னோட சூட்டுலயே வெந்திருக்கு. அதுக்கப்புறம் 2007ல அங்க நெடுஞ்சாலை ஆராய்ச்சிக்கூடம் ஒரு வழிகாட்டி போட்டுது. கட்டமைப்பு எவ்வளவு முக்கியம், எவ்வளவு ஈரத்துல இருக்கும்னு பாத்து நாலு நிலை. உச்ச சூடு 85, 75, 70, 65 டிகிரி. தண்ணிக்குள்ளயே கிடக்கிற, இடிஞ்சா பெரிய ஆபத்தான கட்டமைப்புக்கு 65. அமெரிக்காவுல ஏசிஐங்கிற கான்கிரீட் அமைப்பு 70ன்னு சொல்லுது, 70லேர்ந்து 85 வரைக்கும் போனா ஃபிளை ஆஷோ ஸ்லாகோ (இரும்பு உலைக் கசடு) குறிப்பிட்ட அளவு கலந்திருக்கணும், 85க்கு மேல எதுக்கும் அனுமதி இல்ல. நீங்க 84, அதுவும் வெறும் ஓபிசி.

இன்னொண்ணு, இதை முன்னாடியே கணக்குப் போட்டிருக்கலாம். 100 கிலோ சிமென்ட்டுக்குச் சுமார் 12 டிகிரி ஏறும்னு வச்சுக்குங்க. 430க்கு 51, 52 வரும். ஊத்தும்போது 34. கூட்டினா 86. உங்க தெர்மோகப்பிள் சரியாத்தான் காட்டியிருக்கு.

ஓய்வு_பொறியாளர் | புதன் இரவு 7:30

மணி தம்பி, நுண்ணோக்கி அம்மா, இரண்டு பேருக்கும் வணக்கம். நான் அணைக்கட்டு வேலையிலேயே முப்பத்து நாலு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். வீங்குற கான்கிரீட் என்றால் எங்களுக்குத் தெரிந்தது இதனுடைய அண்ணன்காரன், அல்கலி சிலிகா ரியாக்‌ஷன். அதையும் இங்கே சொல்லி வைக்கணும், இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு.

சிமென்ட்டில் உள்ள சோடியம், பொட்டாசியம் காரம் ஒரு சில வகைக் கல்லில் உள்ள சிலிகாவைக் கரைத்து ஜெல் மாதிரி ஒரு பசையாக ஆக்கும். அந்தப் பசை தண்ணீரைக் குடித்து உப்பும். கலிபோர்னியாவில் நெடுஞ்சாலைத் துறையில் இருந்த தாமஸ் ஸ்டான்டன் 1940ல் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். அதுவரை நல்ல சிமென்ட், நல்ல கல், இரண்டும் தனித்தனியாகப் பாஸ், சேர்த்தால் வெடிக்கிறது, ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. கொலராடோ ஆற்றில் பார்க்கர் அணை 1938ல்தான் கட்டி முடிந்தது, இரண்டே வருஷத்தில் மேலெல்லாம் விரிசல்.

நம் நாட்டிலும் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் ரிஹந்த் அணை, 1962ல் முடிந்தது, ஒடிசாவில் ஹிராகுட், இரண்டிலும் இந்த வீக்கம் பதிவாகியிருக்கிறது. ரிஹந்தில் போட்டது கிரானைட் ஜாதிக் கல். பார்க்க இரும்பு மாதிரி இருக்கும். ஆனால் பூமிக்கடியில் அழுத்தத்தில் முறுகின குவார்ட்ஸ் அதில் இருந்தது. அந்த மாதிரிக் கல் அவசரப்படாது, பத்து வருஷம், இருபது வருஷம் எடுத்துக்கொண்டு மெதுவாகத் தின்னும். மின் நிலையம் வரைக்கும் பாதிப்பு போனது.

என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், எந்த அணை என்று வேண்டாம். தண்ணீர் திறக்கிற ஷட்டர் கதவின் இரும்புக்கும் பக்கவாட்டுக் கான்கிரீட்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கும். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை விட்டுப் பார்ப்போம். நான் சேர்ந்த வருஷம் தாராளமாகப் போன தகடு, பன்னிரண்டு வருஷம் கழித்து நுனி கூட நுழையவில்லை. ஷட்டர் பெரிதாகவில்லை, கான்கிரீட் இரண்டு பக்கமும் நெருங்கி வந்துவிட்டது. வெள்ளம் வரும் நேரத்தில் ஷட்டர் தூக்க வரவில்லை என்றால் என்ன ஆகும் என்று நினைத்து அன்றைக்கு ராத்திரி நானும் தூங்கவில்லை தம்பி.

வடக்கிலிருந்து_கவி | புதன் இரவு 11:55

வணக்கம் ஐயா, வணக்கம் மணி அண்ணை. நான் கனடாவிலை இந்த விசயத்திலைதான் பிஎச்டி செய்யிறன். ஐயா சொன்ன ஷட்டர் கதையை வாசிச்சவுடனை எழுதாமல் இருக்க ஏலாமல் போச்சு.

இஞ்சை நியூ பிரன்ஸ்விக்கிலை மக்டாக்வாக் எண்டு ஒரு நீர்மின் அணை. 1968இலை ஓடத் தொடங்கினது, 100 வருசம் நிக்குமெண்டு கட்டினது. கிரேவாக் எண்ட உள்ளூர்க் கல்லைத்தான் போட்டவை. அது வீங்கத் தொடங்கி, டர்பைன் இருக்கிற கட்டடமே அசைய வெளிக்கிட்டுது. என்ன செய்யினம் தெரியுமோ, வைரம் பதிச்ச கம்பியாலை கான்கிரீட்டை மேலையிருந்து கீழை வரைக்கும் வாளாலை அறுக்கிற மாதிரி அறுத்து இடைவெளி விடுகினம். வீக்கம் அந்த இடைவெளியைச் சாப்பிட்டு முடிச்சதும் திரும்பவும் அறுக்க வேணும். பிரான்ஸிலை ஷாம்போன் அணையும் இப்பிடித்தான், 1930களிலை கட்டினது, 1990களிலை அறுத்தவை, 2013இலை திரும்பவும் பெரிய வேலை செய்தவை. அறுக்கிறது நோயை மாத்தாது, கொஞ்சக் காலம் மூச்சு விட இடம் குடுக்கும், அவ்வளவுதான்.

நான் செய்யிறது என்னெண்டால், கட்டமைப்பிலையிருந்து கோர் எண்டு துளைச்சு எடுக்கிற உருளைத் துண்டை எடுத்து, நீட்டுக்கு வெட்டி, கண்ணாடி மாதிரி பொலிஷ் பண்ணி, அதிலை ஒரு சென்டிமீட்டர் கட்டம் கட்டமாய் கோடு போட்டு, ஒவ்வொரு கட்டத்திலையும் எத்தினை வெடிப்பு, கல்லுக்குள்ளையோ சிமென்ட் பசைக்குள்ளையோ, ஐயா சொன்ன ஜெல் நிரம்பியிருக்கோ வெறுமையோ எண்டு எண்ணுறது. ஒரு கோருக்கு முழுநாள் வேலை. எண்ணி எண்ணிக் கண் எரியும். ஆனால் நசுக்கிப் பாக்கிற டெஸ்ட் சொல்லாததை இது சொல்லும். வீக்கத்திலை அமுக்க பலம் கடைசியாய்த்தான் விழும். முதல் விழுறது இழுவிசையைத் தாங்கிற பலமும் விறைப்பைக் காட்டிற மொடுலசும். கோரை நசுக்கிப் பாத்து 50 வருது எண்டு ஆறுதல் படுறவைக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிக் கிடக்கு.

பில்டர்_கோவை | வியாழன் காலை 7:10

அணையெல்லாம் சரிங்க ஐயா, அது மலை மாதிரி கான்கிரீட், கம்பியே கிடையாது. ராஃப்ட்ல மேல கீழ 32 எம்எம் கம்பி 150க்கு ஒண்ணு ஓடுதுங்க. கம்பி கட்டிப் பிடிச்சுக்காதுங்களா? நான் தப்பாக் கேக்கலீங்க, நிசமாவே தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்.

செல்வி_ஸ்ட்ரக்சுரல் | வியாழன் காலை 10:45

நல்ல கேள்வி அண்ணா. உலகம் முழுக்க ஆராய்ச்சி செய்றவங்க மண்டையை உடைச்சுக்கறது இதுலதான். நான் டிசைன் பக்கம், இதைப் பத்திக் கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

கம்பி பிடிக்கும், உண்மை. கான்கிரீட் வீங்கினா கம்பி இழுபடும், கம்பி திரும்ப கான்கிரீட்டை நெருக்கும், ப்ரீஸ்ட்ரெஸ் பண்ணின மாதிரியே. கணக்குப் பாருங்க, கம்பி திசைல 0.1 சதவீதம் நீண்டாலே கம்பில 200 நியூட்டன் ஏறிடும், சதுர மில்லிமீட்டருக்கு. எஃப்ஈ500 கம்பியோட டிசைன் அளவுல கிட்டத்தட்ட பாதி, மேல ஒரு ஆளு கூட நிக்காமலே. அந்த நெருக்கல் கான்கிரீட்டை அந்தத் திசைல வீங்க விடாது.

ஆனா விடாத வீக்கம் எங்க போகும்? கொண்டைக்கடலையை டப்பால அடைச்சு ஊற வச்சா பக்கவாட்டுல டப்பா விடாது, மூடியைத்தான் தூக்கும். ராஃப்ட்லயும் அதேதான். மேல ஒரு கம்பி வலை, கீழ ஒரு கம்பி வலை, நடுவுல 2.5 மீட்டர் உயரத்துக்கு என்ன இருக்கு? வலையைத் தாங்குற சேர் கம்பி மட்டும்தான். நீளவாக்குலயும் அகலவாக்குலயும் பூட்டிட்டோம், உயரவாக்குல தொறந்து விட்டிருக்கோம். வீக்கம் முழுக்க அங்கதான் போகும். வெடிப்பு ராஃப்ட்டோட மேல்மட்டத்துக்குப் படுக்கைவசமா, நடு ஆழத்துல, அடுக்கு தோசை மாதிரி பிரிய ஆரம்பிக்கும். மேல நின்னு பாக்குறவனுக்கு ஒரு ஹேர்லைன் கூடத் தெரியாது.

இதுக்குப் பெரிய சாட்சி அமெரிக்காவுல சீப்ரூக் அணுமின் நிலையம். நியூ ஹாம்ப்ஷயர்ல கடலோரமா இருக்கு, 1976ல கட்ட ஆரம்பிச்சு 1990ல மின்சாரம் குடுக்க ஆரம்பிச்சுது. கட்டும்போது ஜல்லிக்கு அன்னைக்கு இருந்த டெஸ்ட்டெல்லாம் பண்ணித்தான் போட்டாங்க, பாஸ். ஆனா ஐயா சொன்ன மாதிரி மெதுவாத் தின்னுற ஜாதிக் கல், அன்னைக்கு டெஸ்ட்டுக்கு அது பிடிபடல. நிலத்தடி நீர் கசிஞ்ச சுவர்ல சிலந்தி வலை மாதிரி விரிசல் பாத்து, 2009, 2010 வாக்குல கோர் எடுத்தப்ப அல்கலி சிலிகான்னு தெரிஞ்சுது. அங்க நிறைய சுவர்ல ரெண்டு முகத்துலயும் வலைதான், குறுக்கே கம்பி கிடையாது, நம்ம ராஃப்ட்டை நிமிர்த்தி வச்ச மாதிரி.

அதுக்காக டெக்சஸ் பல்கலைக்கழகத்துல, ஆஸ்டின்ல, அதே மாதிரி கம்பி கட்டின பெரிய பெரிய பீம் ஊத்தி, வேகமா வீங்குற கல் போட்டு, வீங்க வச்சு, அப்புறம் உடைச்சுப் பாத்தாங்க. முதல்ல எல்லாத் திசைலயும் கொஞ்சம் வீங்குச்சு, அப்புறம் கம்பி திசைல நின்னு போச்சு, தடிமன் திசைல மட்டும் போய்கிட்டே இருந்துச்சு. அதனால சுவர்ல துளை போட்டு உள்ள எக்ஸ்டென்சோமீட்டர்ங்கிற நீட்சி அளக்கிற கருவி வச்சு தடிமனை அளக்க ஆரம்பிச்சாங்க, வெளி விரிசலை அளந்தா மட்டும் போதாதுன்னு.

மணி, ஒரு ஆறுதலும் சொல்றேன். அந்த பீம் எல்லாம் ஷியர்ல (வெட்டு விசைல) எதிர்பாத்த அளவுக்குக் கீழ உடையல, அவங்க வீங்க வச்ச அளவு வரைக்கும். கம்பி குடுக்கிற நெருக்கல்தான் காரணம்.

வடக்கிலிருந்து_கவி | வியாழன் மாலை 5:20

செல்வி அக்கா சொன்னது சரி, ஆனால் அதிலை ஒரு பெரிய சண்டையும் நடந்தது, அதையும் சொல்ல வேணும். அந்த ஊர்ச் சனத்தின்ரை அமைப்பு ஒண்டு, சி-10 எண்டு பேர், ஆஸ்டினிலை வேறை கல்லு, வேறை கலவை, வேகமாய் வீங்க வைச்ச கான்கிரீட், அதை வைச்சு இருவது வருசமாய் மெதுவாய் வீங்கின சுவருக்குத் தீர்ப்புச் சொல்லலாமோ எண்டு கேட்டவை. கொலராடோ பல்கலைக்கழகப் பேராசிரியர் விக்டர் சவுமா அவைக்காக சாட்சி சொன்னவர். 2019இலை நிலையத்துக்கு 2050 வரைக்கும் லைசன்ஸ் நீடிச்சுக் குடுத்திட்டினம், 2020 ஆகஸ்டிலை விசாரணைக் குழு நிலையத்தின்ரை பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது, ஆனாலும் கூடுதல் கண்காணிப்புக்கு நாலு நிபந்தனை போட்டது. என்ரை மனசிலை அந்தச் சனம் கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. அவை கேக்காட்டி அந்த நாலு நிபந்தனையும் வந்திராது.

ஏன் பெரிசாய்ச் செய்து பாக்க வேணும் எண்டதுக்கு இன்னொரு காரணம். நாங்கள் வழமையாய்ச் செய்யிற சின்னப் பிரிசம் டெஸ்ட், 38 டிகிரி, ஈரப் பெட்டி, ஒரு வருசம், வீக்கம் 0.04 சதவீதம் தாண்டினால் கல்லு கூடாது எண்டு அர்த்தம். ஆனால் அந்தச் சின்னத் துண்டிலையிருந்து காரம் கசிஞ்சு வெளியாலை போயிடும். காரம் போனால் வீக்கம் நிண்டிடும். பெரிய கட்டையிலை காரம் உள்ளுக்கையே நிக்கும், வீக்கமும் தொடரும். சின்னத் துண்டு பாஸ் ஆகி, வெளியிலை வெயில் மழையிலை வைச்ச பெரிய கட்டை வெடிச்ச கதை கனக்க இருக்கு. அதாலைதான் டென்னசியிலை, நாக்ஸ்வில்லிலை, ஒரு மீட்டர் தடிப்பிலை மூண்டு பெரிய கட்டை ஊத்தி, அறையையே 38 டிகிரியிலை ஈரமாய் வைச்சிருந்தவை. ஒண்டை இரும்புச் சட்டத்தாலை நாலு பக்கமும் இறுக்கிக் கட்டினது, ஒண்டைச் சும்மா விட்டது, மற்றது லிதியம் போட்டு வீங்காமல் வைச்சது. பிரான்ஸிலை கதராஷிலை ஒடோபா எண்டு ஒரு திட்டம், அங்கையும் பெரிய கட்டைகளை வளர்த்து, வீக்கத்தை வெளியிலையிருந்தே ஒலி அலை மாதிரி வழியளாலை பிடிக்க ஏலுமோ எண்டு பாக்கினம்.

இன்னொரு விசயம் பில்டர் அண்ணைக்கு. கம்பி பிடிக்கும், ஆனால் கம்பிக்கும் ஒரு எல்லை இருக்கு. ஜப்பானிலை ஹான்ஷின் எக்ஸ்பிரஸ்வே தூண்களிலை வீக்கத்தாலை ரிங்குக் கம்பி வளைவிலேயே முறிஞ்சு கிடந்ததைக் கண்டுபிடிச்சவை. வளைச்ச இடம்தான் முதல் போறது.

பில்டர்_கோவை | வியாழன் இரவு 9:00

கம்பி வளைவுல முறிஞ்சு கிடந்துச்சுன்னு படிச்சதும் ஒரு நிமிசம் அப்படியே உக்காந்துட்டேனுங்க. வளைவுல அடிபட்டாப் போயிரும்னு ஃபிட்டருக்கெல்லாம் நானே சொல்லிக் குடுத்தவன், சின்ன பின் வச்சு வளைக்காதீங்கடான்னு. ஆனா உள்ள இருந்து கான்கிரீட்டே இழுத்து முறிக்கும்னு நினைச்சதில்லீங்க.

எனக்கு அடுத்த மாசம் ஒரு பைல் கேப், பைல் தலையெல்லாம் சேத்துப் பிடிக்கிற கட்டை, இருக்கு, 2 மீட்டர் தடிமன். என்ன பண்ணலாம்னு சொல்லுங்க. ஃபிளை ஆஷ் போட்டாச் சரியாப் போயிருமா? நெய்வேலி ஆஷ் சகாயமாக் கிடைக்குதுங்க.

நுண்ணோக்கி | வியாழன் இரவு 10:30

அண்ணே, இப்பவே கேட்டதுக்கு நன்றி, போட்ட பின்னாடி கேட்டா யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. ஆஷ் நல்ல மருந்து, ரெண்டு நோய்க்கும். சூட்டைக் குறைக்கும், காரத்தையும் கட்டிப் போடும். ஆனா எல்லா ஆஷும் ஒண்ணில்ல. நெய்வேலில எரிக்கிறது பழுப்பு நிலக்கரி, அதோட சாம்பல்ல சுண்ணாம்பு அதிகம். கார வீக்கத்தைத் தடுக்கிறதுல சுண்ணாம்பு கம்மியா இருக்கிற ஆஷ்தான் கெட்டி, தூத்துக்குடி, மேட்டூர் மாதிரி கருப்பு நிலக்கரி எரிக்கிற இடத்துது. எதுவா இருந்தாலும் டெஸ்ட் ரிப்போர்ட்ல சுண்ணாம்பு சதவீதத்தைப் பாத்துட்டு வாங்குங்க. இல்லாட்டி பாதிக்குப் பாதி ஸ்லாக் போடுங்க. 28 நாள் கியூபுக்குப் பதிலா 56 நாள் கியூபை ஏத்துக்கச் சொல்லி டிசைனர்கிட்ட எழுதி வாங்குங்க, பைல் கேப்புக்கு மறுநாளே முழு லோடு வரப்போறதில்லையே. ஜல்லியை நிழல்ல வச்சுத் தண்ணி தெளிங்க, கலக்குற தண்ணில பாதியை ஐஸா போடுங்க. ஊத்தும்போது 34ஐ 24 ஆக்கினா உச்சத்துலயும் கிட்டத்தட்ட அந்தப் பத்து குறையும்.

சைட்மணி | வெள்ளி காலை 7:45

எல்லாரும் இவ்வளவு எழுதியிருக்கீங்க, படிச்சுட்டுக் கண்ணு கலங்கிடுச்சு, நிஜமா. ஆபீஸ்ல ஒருத்தர் கூட இதைக் காது குடுத்துக் கேக்கல. ஊத்தின ராஃப்ட்டை நான் திரும்ப எடுக்க முடியாது. இப்ப என்ன செய்யலாம், அதை மட்டும் சொல்லுங்க.

செல்வி_ஸ்ட்ரக்சுரல் | வெள்ளி மதியம் 12:10

முதல்ல உங்க தெர்மோகப்பிள் டேட்டாவை, மணிக்கணக்கோட, கையெழுத்தோட, மூணு காப்பி எடுத்து வைங்க. ஒண்ணு கட்டடத்தோட நிரந்தர ஃபைல்ல போகணும். பதினஞ்சு வருஷம் கழிச்சு யாராவது விரிசல் பாத்து வந்து நின்னா, அவங்களுக்கு இருக்கிற ஒரே தடயம் அந்த 84தான்.

ரெண்டாவது, டீவாட்டரிங் நிறுத்துறதுக்கு முன்னாடி ராஃப்ட்ல சில இடத்துல துளை போட்டு அடிமட்டத்துலயும் மேல்மட்டத்துலயும் ஆங்கர் வச்ச ஒரு எக்ஸ்டென்சோமீட்டர் பொருத்தச் சொல்லுங்க. மேல ஒட்டி அளக்கிற ஸ்டட் மட்டும் போதாது, காரணம் நேத்தே சொன்னேன். முதல் ரீடிங் ராஃப்ட் காஞ்சிருக்கும்போதே எடுத்துடணும், இல்லாட்டி பின்னாடி எதோட ஒப்பிடுறது? அப்புறம் பெரிய தூணைச் சுத்தி பஞ்சிங் ஷியருக்கு, அதாவது தூண் ராஃப்ட்டைக் குத்தித் துளைக்காம இருக்க, எவ்வளவு கைவசம் மிச்சம் இருக்குன்னு டிசைனரைத் திரும்பக் கணக்குப் போடச் சொல்லுங்க. படுக்கை வெடிப்பு வந்தா அங்கதான் முதல்ல உறைக்கும். தாராளமா மிச்சம் இருந்தா நீங்க நிம்மதியாத் தூங்கலாம்.

நுண்ணோக்கி | வெள்ளி இரவு 8:20

நான் ஒண்ணு சேத்துக்கறேன், இதுதான் உங்க சந்தேகத்துக்கு நேர் பதில். அதே சிமென்ட் பிராண்ட், அதே ஜல்லி, அதே எம் சாண்ட் வச்சு அதே மிக்ஸ்ல கொஞ்சம் சிலிண்டர் ஊத்துங்க. பாதியை அறைச் சூட்டுல விடுங்க. மீதியைத் தண்ணி ஆவியாகாம நல்லா மூடி ஓவன்ல வச்சு, உங்க தெர்மோகப்பிள் காட்டின கோடு எப்படி ஏறி எப்படி இறங்குச்சோ அதே மாதிரி சூடேத்தி இறக்குங்க, 84 வரைக்கும். ராஃப்ட் நடுவுல அனுபவிச்சதை அந்தச் சிலிண்டரும் அனுபவிக்கணும். அப்புறம் நனைய விடுறது, காய விடுறதுன்னு ரெண்டு சுத்து குடுத்துட்டு தண்ணில போட்டு மாசாமாசம் நீளம் அளங்க. பிரான்ஸ்ல இதை முறையான டெஸ்ட்டாவே வச்சிருக்காங்க, ஒரு வருஷம் ஓடும், தேவைப்பட்டா இன்னும் நீட்டுவாங்க. சூடு பட்டது நீண்டு, படாதது நீளலன்னா விடை தெரிஞ்சுடும். ரெண்டும் நீளலன்னா உங்க சிமென்ட் உங்களைக் காப்பாத்திடுச்சுன்னு அர்த்தம்.

ஓய்வு_பொறியாளர் | சனி காலை 6:15

அந்த அம்மா சொன்ன சோதனையைச் செய்யுங்கள் தம்பி. அளக்கிற ஆள் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரே நேரத்தில், ஒரே சூட்டில் அளக்கணும். எங்கள் அணையில் இருபது வருஷ ரீடிங்கில் நாலு வருஷம் யாரோ மத்தியானம் அளந்திருந்தார்கள், அந்த நாலு வருஷமும் வீணாகப் போனது.

சைட்மணி | மூணு வாரம் கழிச்சு, ஞாயிறு மாலை 6:30

அப்டேட் சொல்றேன். கன்சல்டன்ட் ஆபீஸ்ல பெரியவர் ஒருத்தர்கிட்ட நேர்ல போய், அந்த 27 டிகிரி தொட்டி விஷயத்தை மட்டும் சொன்னேன். கியூபும் ராஃப்ட்டும் ஒரே சூடு பாக்கல சார்னு. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, டேட்டாவைக் குடுங்கன்னார். பஞ்சிங் கணக்கைத் திரும்பப் பண்ணச் சொல்லிட்டார், மூணு தூண்கிட்ட மிச்சம் கம்மியாத்தான் இருக்கு, மத்த இடத்துல பரவாயில்ல. எக்ஸ்டென்சோமீட்டர் மூணு இடத்துக்கு ஓகே ஆயிடுச்சு, அந்த மூணு தூண்கிட்டயே. பம்பை நிறுத்துறதை ஒரு மாசம் தள்ளி வச்சிருக்காங்க.

சிலிண்டர் பன்னெண்டு ஊத்தியிருக்கேன், ஆறு ஓவன்ல, ஆறு வெளிய. ஓவன்லேர்ந்து எடுத்த ஆறையும் நேத்துதான் தண்ணில இறக்கினேன். அளக்கிற ஆள் நானே, தினமும் காலை ஏழு மணிக்கு ஏசி ரூம்ல. முதல் ரீடிங் எழுதியாச்சு.

பில்டர்_கோவை | ஞாயிறு இரவு 8:05

தம்பி, நல்லாப் பண்ணியிருக்கீங்க. என் பைல் கேப் புதன்கிழமை போட்டேனுங்க, பாதிக்குப் பாதி ஸ்லாக், ஐஸ் 40 சதவீதம், இறங்குனது 26. நாலு தெர்மோகப்பிள் நானே காசு குடுத்து வாங்கி வச்சேன். உச்சம் 58ல நின்னுச்சு. இன்னைக்குக் காலைல 52க்கு இறங்கியிருக்கு. மேல தெர்மாகோலும் தார்ப்பாயும் போட்டு மூடித்தான் வச்சிருக்கேன், பக்கத்து ஷட்டர் பலகையை எப்பப் பிரிக்கலாம்னு செல்வி அம்மிணி கொஞ்சம் சொல்லுங்க.

செல்வி_ஸ்ட்ரக்சுரல் | ஞாயிறு இரவு 9:30

நடுவுக்கும் மேல்மட்டத்துக்கும் வித்தியாசம் 20க்குள்ளயே இருக்கிற வரைக்கும் பயமில்ல அண்ணா. ஆனா தார்ப்பாயை எடுத்த உடனே மேல்மட்டம் சட்டுனு ஆறிடும், அதனால நடுச் சூட்டுக்கும் வெளிக் காத்துக்கும் 20க்குள்ள வந்த பிறகு பிரிங்க. ராத்திரில பிரிக்காதீங்க, காலைல வெயில் ஏறினதும் பிரிங்க.